பதினோராவது பிள்ளை

காலை எட்டு மணிக்குக் கப்பல் பாசிக்குடாக் கடலில் நங்கூரம் போட்டபோதே சுலோஜனாவின் பை தயாராக இருந்தது. அதற்குள் ஒரு அரக்குச் சேலை, இரண்டு டசின் வளையல், சென்னையில் வாங்கிய கிளிப்பச்சைப் பாவாடை தாவணி. சேலை அவளுக்கு, மற்றதெல்லாம் மகளுக்கு. ஒன்பதரைப் படகில் கரைக்கு இறங்கினால் அங்கே அண்ணன் வாடகைக்குப் பிடித்த வானோடு நிற்பார். வானுக்குள் வைத்தே சேலையைச் சுற்றிக்கொண்டு, பதினொன்றரைக்கு முன்னால் பெரியகல்லாற்றில் வீட்டு வாசலில் இறங்கிவிடலாம். இந்தக் கணக்கை அவள் கடந்த ஒரு கிழமையாகப் போட்டுப் போட்டுப் பார்த்து மனப்பாடமாக்கி வைத்திருந்தாள்.

மகள் விதுர்ஷாவுக்குப் பன்னிரண்டு வயது. ஒன்பது நாட்களுக்கு முன் பெரிய பிள்ளையாகிவிட்டாள். அன்று தாய் இருந்தது வங்காள விரிகுடாவில். அண்ணனின் பெண்சாதிதான் பிள்ளையை அறைக்குள் இருத்தி, காவலுக்குக் கையில் பாக்குவெட்டியைக் கொடுத்து, தனிக் கோப்பையில் சோறு போட்டுப் பார்த்துக்கொண்டாள். தண்ணீர் வார்க்க நாள் வைக்கிற சாத்திரியார் வழக்கமாக நட்சத்திரத்தை மட்டும்தான் பார்ப்பார். இந்த முறை பாவம், கப்பலின் அட்டவணையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒத்துப்போன நாள் இன்றைய வியாழக்கிழமை. பதினொன்று நாற்பத்திரண்டு முதல் பன்னிரண்டு நாற்பத்தெட்டு வரை நல்ல நேரம்.

தாய்மாமன் கைபிடித்துப் பிள்ளையை வெளியே கூட்டிவர வேண்டும். மாமி முதற்குடம் ஊற்ற வேண்டும். உண்மையைச் சொன்னால் தாய்க்கு இந்தச் சடங்கில் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. பக்கத்தில் நிற்பதுதான் வேலை. ஆனால் விதுர்ஷா போனில் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். "அம்மா, நீங்க வந்து நிண்டாத்தான் நான் அறைய விட்டு வெளிய வருவன்." வாறன் மகள், கட்டாயம் வாறன் என்று சுலோஜனா சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

சத்தியம் செய்து கொடுக்கிற அளவுக்கு அவளுக்கு இந்த உலகத்தில் அதிகாரம் எதுவும் இல்லை என்பதை அவள் கொஞ்சம் மறந்துவிட்டாள். பெரியகல்லாற்றில் பாலர் பாடசாலை டீச்சராகத் தொடங்கியவள். புருசன் கட்டாருக்குப் போய் மூன்றாம் வருடம் குரலும் இல்லாமல் போனதும், பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற வேலைக்கு வந்தாள். அங்கிருந்து இந்த உல்லாசக் கப்பல். சென்னையில் புறப்பட்டு, இலங்கைக் கரையோரமாய் வந்து, ஆறாம் நாள் திரும்பவும் சென்னைக்கே போகிற கப்பல். மூன்று இடத்திலும் வேலை ஒன்றுதான், மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பது. அவளுடைய பிள்ளையின் மூக்கை அண்ணன் வீட்டில் துடைத்தார்கள்.

கப்பலில் பிள்ளைகள் அறை ஏழாம் மாடித் தட்டில் இருந்தது. கப்பல் கரை பிடிக்கிற நாளில் பெற்றோர் இறங்கி ஊர் பார்க்கப் போவார்கள். கூட்டிப் போக மனமில்லாத பிள்ளைகளை அறையில் விட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். பத்துப் பிள்ளைகள் வரை ஒருத்தி இருந்தால் போதும். பதினொன்று ஆகிவிட்டால் இரண்டு பேர் கட்டாயம் இருக்க வேண்டும், அது கப்பல் சட்டம். அன்று அறையில் இருந்தது இரண்டே பேர். சுலோஜனாவும், மேற்பார்வைக்காரியான கோவாக்காரி ரோசலினும்.

"பத்துக்கு மேல் போகாது. நீ நிம்மதியாகப் போய் வா" என்று ரோசலின் முதல் நாளே சொல்லிவிட்டாள். கரை பிடிக்கிற நாளில் அறையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்ததாக இருவருக்குமே ஞாபகமில்லை.

எட்டரைக்கு ஐந்து பிள்ளைகள். எட்டே முக்காலுக்கு ஏழு. ஒன்பதுக்கு ஒரு தகப்பன் இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டுவந்து தள்ளிவிட்டு ஓடினான், ஒன்பது. வெளியே வெயில் வெள்ளையாய் எரிந்தது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஓடிப் பழைய நகரத்து இடிபாடுகளைப் பார்க்கிற பயணம் ஒன்றை அன்று விற்றிருந்தார்கள். அந்த இடிபாடுகளைச் சுலோஜனா மனதாரத் திட்டினாள். ஒன்பது பத்துக்குக் காய்ச்சல் விட்ட ஒரு பெட்டைப் பிள்ளை வந்தது, பத்து. சுலோஜனா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் ரித்விக்கின் அம்மா கதவைத் திறந்தாள். சென்னைக்காரி. கையில் ஐந்து வயது ரித்விக்.

"இங்க விட்டுட்டுப் போகலாம்தானே? கரையில குழந்தைங்களுக்குப் பார்க்க என்னங்க இருக்கு?"

சுலோஜனா தன் வாழ்நாளில் சொந்த ஊர்க் கடலை அப்படிப் புகழ்ந்ததில்லை. "மேடம், இந்தக் கடலுக்கு ஆழமே இல்ல. எவ்வளவு தூரம் நடந்து போனாலும் தண்ணி இடுப்பளவுதான். அலையும் இல்ல. சின்னப் பிள்ளைகளுக்கென்றே செய்து வைத்த கடல் மாதிரி. நான் பிறந்த ஊர்ப் பக்கம் மேடம், சும்மா சொல்லல்ல. தம்பியைக் கூட்டிட்டுப் போங்க. ஒரு தரம் இறங்கினால் ஏற மாட்டான்."

"கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வெயில் தாங்காதுங்க. நீங்க பார்த்துக்குங்க." அவள் பேனாவை எடுத்தாள்.

"நிழலுக்குக் குடை தருவாங்க மேடம். இளநீர் இருக்கு."

"ஒரு மணிக்கு வந்துடறோம்." கையெழுத்து விழுந்தது. ரித்விக் ஓடிப்போய் நெகிழிப் பந்துக் குவியலுக்குள் பாய்ந்தான். பதினொன்று.

ரோசலின் அவள் முகத்தைப் பார்த்தாள். நல்லவள்தான், ஆனால் சட்டத்தைப் பிள்ளையாய் மடியில் வைத்திருக்கிறவள். "பத்தரைக்கு இன்னொரு படகு இருக்கிறது. அதற்குள் யாராவது ஒருவர் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனால் நீ போகலாம்" என்றாள். சுலோஜனா மூலைக்குப் போய் அண்ணனுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணே, ஒம்பதரப் போட்டுல வர ஏலாது. ஒரு புள்ள கூடிட்டு."

"ஒரு புள்ளயா?" கரையில் நின்ற அண்ணன் அழகரத்தினத்துக்கு விளங்கவில்லை. "ஒரு புள்ளைக்கு என்னத்துக்குகா ரெண்டு பேரு? நீ ஒத்தையா நாப்பது புள்ளைகள வச்சிப் படிப்பிச்சவள்."

"அது நம்முட ஊரு அண்ணே. இஞ்ச சட்டம் அப்பிடி."

"அப்ப இத ஆரிட்டக் கேட்டா விடுவாங்க?"

"கப்டனிட்டத்தான் கேக்கணும். அவர் நல்ல மனிசன்தான். ஆனா என்னப் போல ஆக்கள் போய்க் கேக்க ஏலா."

வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவ்வளவுதான் அவள் செய்த பிழை. பிறகு அந்த வார்த்தையை எத்தனை தரம் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாளோ.

அழகரத்தினம் ஐம்பது வயதுக் கடற்றொழிலாளி. அவருடைய உலகத்தில், நேரில் போய் முறையாகக் கேட்டால் மாட்டேன் என்று சொல்லக்கூடிய அதிகாரி இன்னும் பிறக்கவில்லை. கிராமத்து விதானையாரிடமும் பாடசாலை அதிபரிடமும் வங்கி மனேஜரிடமும் அப்படித்தான் போய்க் காரியம் முடித்தவர். முறையாக என்றால், வெள்ளை வேட்டி கட்டி, தோளில் சால்வை போட்டு, பித்தளை வட்டாவில் வெற்றிலை பாக்கு வைத்து, அதை இரண்டு கையாலும் நீட்டிக் கேட்பது. வட்டாவை நீட்டிய பிறகு மறுப்பது மரியாதையில்லை என்பது மட்டக்களப்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று வட்டாவும் கையோடு இருந்தது. தங்கச்சி முன்பு வேலை செய்த ஹோட்டல்காரருக்கும் சடங்குக்குச் சொல்லலாம் என்று வானில் ஏற்றி வந்திருந்தார். கப்பல் கப்டன் வெற்றிலை போட மாட்டார் என்பதோ, கப்பலுக்குக் கிட்டப் போகத் தடை என்பதோ அவர் நினைவில் வரவில்லை. தங்கச்சியின் கப்டன் தங்கச்சியின் அதிபர் மாதிரி. போய்க் கேட்க வேண்டியதுதானே?

பத்தேகாலுக்குப் பிள்ளைகள் கண்ணாடிப் பக்கம் ஓடினார்கள்.

"மிஸ், மிஸ்! சின்ன போட்ல ஒரு தாத்தா வராரு! பூஜைத் தட்டு வச்சிருக்காரு!"

சுலோஜனா எட்டிப் பார்த்தாள். நீலப் பைபர் படகு ஒன்று கப்பலை நோக்கி நேரே வந்துகொண்டிருந்தது. பின்னால் எஞ்சினைப் பிடித்தபடி அவளுக்குத் தெரியாத ஒரு ஆள். முன்னால் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக நிமிர்ந்து நின்றவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். வட்டாவைப் பட்டுத்துணியால் மூடி, தண்ணீர் தெறிக்காமல் நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார்.

"ஐயோ அண்ணே" என்றாள். கண்ணாடி திறக்கிற கண்ணாடி இல்லை. இரண்டு கையாலும் அதில் தட்டினாள். போ, திரும்பிப் போ என்று கையை ஆட்டினாள். அண்ணனுக்கு எந்தத் தட்டு, எந்தக் கண்ணாடி என்று தெரிய நியாயமில்லை. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாய்ப் போனது, பதினொரு பேரும் கண்ணாடியில் தட்டிக் கையை ஆட்டினார்கள்.

கப்பலிலிருந்து ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை போனது. அழகரத்தினம் அதைக் கேட்டார், விளங்கவில்லை. நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பதிலாக வட்டாவைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த காவல்காரரின் கண்ணுக்கு, தடுத்தும் நில்லாமல் வருகிற படகில் ஒரு ஆள் துணி மூடிய உலோகச் சாமான் ஒன்றைத் தூக்கிப் பிடிப்பது தெரிந்தது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. அரை நிமிடத்தில் கப்பலின் மறுபக்கத்திலிருந்து பாதுகாப்புப் படகு சீறிக்கொண்டு வந்து குறுக்கே நின்றது. நீலப் படகு ஆடிய ஆட்டத்தில் வட்டா சரிந்து, வெற்றிலையெல்லாம் கடலில் கொட்டியது.

சீருடைக்காரர் இரண்டு பேர் நீலப் படகுக்குள் இறங்கினார்கள். அழகரத்தினம் வெறும் வட்டாவை மடியில் வைத்துக்கொண்டு குந்தினார். படகைக் கயிற்றில் கட்டிக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனபோது அவர் தலையை நிமிர்த்தவேயில்லை. ஊரில் பெரிய மனிசன் என்று பெயரெடுத்தவர் அப்படிக் குந்திப் போனார். பிள்ளைகள் டாட்டா காட்டினார்கள்.

வான்காரர் சரீப் நானா கரையிலிருந்து போன் எடுத்தார். "புள்ள, பயப்புடாதீங்க. கை வைக்கல்ல ஒண்டுமில்ல. விசாரிச்சி எழுத்தெடுத்துப் போட்டு உடுவாங்களாம். ரெண்டு மூணு மணித்தியாலம் செல்லுமாம். நான் இஞ்சதான் நிக்கன்."

"நேரத்துக்கு ஊட்ட போய்ச் சேருவாரா நானா?"

"நான் இஞ்சதான் நிக்கன்" என்று சரீப் திரும்பவும் சொன்னார்.

பத்தரைப் படகு அவளில்லாமல் போனது. அதற்குப் பிறகு கப்பலின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் குறிப்புப் புத்தகத்தோடு வந்து அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"அந்த ஆள் உன் பெயரைச் சொல்லியிருக்கிறார். யார் அவர்?"

"என்னுடைய மூத்த அண்ணன்."

"எதற்கு வந்தார்?"

"கப்டனை என் மகளின் சடங்குக்கு அழைக்க வந்தார் சேர். எனக்கு லீவு கேட்கவும்."

அதிகாரி எழுதுவதை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். "அந்தத் தட்டில் என்ன இருந்தது?"

"வெற்றிலை."

"எதற்கு?"

எதற்கு என்று ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அவள் "மரியாதைக்கு" என்று மட்டும் சொன்னாள். அவர் அதை எழுதிக்கொண்டார். கெட்ட மனிதரில்லை. குரலை இறக்கித்தான் சொன்னார்: "உன் வேலைக்கு ஒன்றும் வராமல் பார்க்கிறேன். ஆனால் விசாரணை முடியும்வரை நீ கரைக்கு இறங்க முடியாது. அட்டையைத் தா." கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

அவள் அறைக்குத் திரும்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன் வந்து, வெயில் தாங்காமல் பாதியில் திரும்பிவிட்டோம் என்று சொல்லி, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு போனான். அறையில் ஒன்பது பிள்ளைகள். சட்டப்படி இப்போது ஒருத்தி போதும். ரோசலின் அவளைப் பார்த்தாள், பிறகு வெறுங்கழுத்தைப் பார்த்தாள், வர்ணப் பென்சில்களைப் பொறுக்கத் தொடங்கினாள். சுலோஜனா பையைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

பதினொன்று ஐம்பதுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் போன் கூடாது. ரோசலின் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"மச்சாள், இனி என்ன செய்யிற?" அண்ணன் பெண்சாதி கேட்டாள். "இவருமில்ல, நீங்களுமில்ல. சனமெல்லாம் வந்து குந்திக்கிட்டிரிக்கி. நேரம் போகுது. உங்களுக்குத் தம்பிமுறையான ஒராள் இரிக்கார், அவரக் கொண்டு கையப் புடிப்பிச்சாலும் புள்ள அறைய விட்டு எழும்புறாளில்ல. நீங்களே சொல்லுங்க."

போன் கைமாறியது.

"அம்மா, எங்க நிக்கிறீங்க?"

"கப்பல்லதான் மகள்."

"இன்னும் இறங்கல்லயா?"

"இறங்க விடுறாங்களில்ல."

"கப்பல் பாசிக்குடாவுலதானே நிக்கிது?"

"ஓம்."

"பாசிக்குடா கிட்டத்தானே அம்மா."

கிட்டத்தான். கண்ணாடிக்கு வெளியே தென்னை மரங்களைத் தனித்தனியாக எண்ணலாம். ஹோட்டல் கூரைகள் தெரிந்தன. மகளுக்கு இதை எந்த வார்த்தையில் விளங்கப்படுத்துவது? யாரோ வெயிலுக்குப் பயந்து ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போனதை, மாமா வட்டாவோடு வந்ததை, கழுத்தில் அட்டை இல்லாததை? எதைச் சொன்னாலும் வராததற்குச் சாட்டுச் சொன்ன மாதிரித்தான் இருக்கும்.

"என்ட கிளியெல்லா நீ. நேரம் தப்பக் கூடாது. நீ எழும்பி வெளிய வா. மாமி சொல்ற மாதிரிச் செய்."

"நீங்க வந்தாத்தான் எண்டு சொன்னன்தானே."

"சொன்னதான் மகள். என்னால ஏலாமப் போயிற்று."

விதுர்ஷா அழுவாள், கத்துவாள், போனை எறிவாள் என்று எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும். பிள்ளை பெரிய மனிசி மாதிரி "சரி" என்றாள். போன் திரும்ப அண்ணன் பெண்சாதியிடம் போனது.

"மச்சாள், போன வைக்காதீங்க. அப்பிடியே பக்கத்தில வச்சிரிங்க" என்று மட்டும் சுலோஜனா கேட்டுக்கொண்டாள்.

கதிரைகள் நகர்கிற சத்தம் கேட்டது. யாரோ தேங்காய் உடைத்தார்கள். முதற்குடத்துத் தண்ணீர் விழுந்தது. அப்போது பெண்கள் குரவையிட வேண்டும். எந்த நல்ல காரியமானாலும் மட்டக்களப்புப் பக்கத்துப் பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போடுகிற குரவை நாலு வளவுக்கு அப்பால் கேட்கும். ஆனால் போனில் வந்தது ஈனமான குரவை. தாயும் இல்லாமல் மாமனும் இல்லாமல் நடக்கிற சடங்கில் யாருக்கும் தொண்டை எழும்பவில்லை. இரண்டு பேர் தொடங்கினார்கள், பாதியில் விட்டார்கள். என் பிள்ளைக்கு இப்படியா?

அவள் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வயிற்றிலிருந்து குரவையிட்டாள்.

பிள்ளைகள் அறை அதிர்ந்தது. ஒரு கணம் ஒன்பது பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். மிஸ் சுலோ இவ்வளவு நாளும் இப்படியொரு வித்தையை ஒளித்து வைத்திருந்தாளா என்று அவர்களுக்குச் சொல்லி முடியாத சந்தோஷம். முதலில் ரித்விக்தான் நாக்கை நீட்டி ஆட்டிப் பார்த்தான். பிறகு எல்லோரும் ஊளையிட்டார்கள், கெக்கலித்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. இரண்டாம் குடத்துக்கும் மூன்றாம் குடத்துக்கும் குரவையிட்டாள், கண்ணீர் கழுத்துக்குள் ஓடியது. பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் கூடவே கத்தினார்கள். ரோசலின் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள்.

ஒரு மணிக்கு ரித்விக்கின் அம்மா வந்தாள். நீச்சல் உடைக்கு மேல் வெள்ளைத் துவாய் அங்கி, ஈரத் தலை. கையில் பாதி குடித்த பழச்சாறு.

"கரை எப்படி இருந்தது மேடம்?" என்று சுலோஜனா வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"ஐயோ, நாங்க இறங்கவே இல்லங்க. எல்லாரும் இறங்கிப் போற அன்னைக்குத்தான் கப்பல்ல இருக்கணும், அதுதான் சுகம். நீச்சல் குளத்துல நாங்க ரெண்டு பேர் மட்டும்தான். ஒரு சத்தம் இல்ல. அஞ்சு வருஷத்துல இப்படி நிம்மதியா இருந்ததில்ல, உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

அவள் உண்மையாகவே மனம் நிறைந்து சொன்னாள். முகத்தில் களைப்பெல்லாம் கழுவிப் போயிருந்தது. அவளோடு சண்டை பிடிக்கக்கூட சுலோஜனாவுக்கு வழியில்லை. குளம் இரண்டு தட்டுக்கு மேலேதான் இருக்கிறது. காலையில் ஒரு ஆளை அனுப்பித் தேடியிருந்தால், கெஞ்சிக் கேட்டிருந்தால்? யாருக்குத் தோன்றும்? இறங்கிப் போனவர்கள் என்றல்லவா நினைத்திருந்தாள். "பரவாயில்ல மேடம். இதில ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

கப்பல் ஐந்து மணிக்கு நங்கூரம் தூக்கியது. வேலை முடிந்து பின்தட்டுக்கு வந்தபோது கரை மெதுவாக விலகிக்கொண்டிருந்தது. அண்ணன் மூன்று மணிக்கு விடுபட்டு வீடு போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சரீப் செய்தி போட்டிருந்தார். அண்ணன் ஒன்றும் போடவில்லை. விதுர்ஷாவிடமிருந்து ஒரு குரல் செய்தி இருந்தது. சுலோஜனா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, எல்லாம் முடிஞ்சி. சாரி உடுத்திப் படமும் எடுத்தாச்சி. உங்கட குரவ இஞ்ச எல்லாருக்கும் கேட்டிச்சி. மாமி அழுதிட்டா. நான் அழல்ல. அம்மா, உங்களுக்குப் பின்னால சந்தோசமாச் சிரிச்ச புள்ளைகள் ஆரு? நீங்க அவங்களோடயா நிண்ட?"

சுலோஜனா பதில் பேசப் பொத்தானை அமத்தினாள். அமத்திவிட்டு ஒன்றும் பேசாமல் அழித்தாள். இரண்டாம் தரம் "அது மகள்" என்று தொடங்கி அழித்தாள். மூன்றாம் தரம் பொய் ஒன்று வாய்வரை வந்தது, அதையும் அழித்தாள்.

"ஓம் மகள். அவங்களோடதான் நிண்ட நான்."

அனுப்பிவிட்டு, விதுர்ஷா கேட்டுவிட்டாள் என்று காட்டுகிற நீலக்குறி வரும்வரை அங்கேயே நின்றாள். குறி வந்தது. பதில் வரவில்லை.